லீவுக்காரன் துப்பாக்கி

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, காலரை இடது தோளுக்குக் கீழே இழுத்துப் பிடித்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க சார். இது விழுந்த காயமா?"

மேசைக்கு அந்தப்புறம் மூன்று பேர். ஒருவர் கோப்பைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். நடுவில் இருந்த தலைவர், ஓய்வு பெற்ற படை அதிகாரி, அவர் மட்டும் தழும்பைப் பார்த்தார். சுண்டுவிரல் நுனி புதையும் குழி. குண்டுக் காயம் தெரியாதவர் அல்ல.

"சட்டையைச் சரி பண்ணிக்குங்கம்மா. எங்களுக்குக் காகிதம்தான் முக்கியம். வண்டியிலேர்ந்து தவறி விழுந்து தோள்ல காயம்னு இதுல இருக்கு."

"எழுதினவரை ஒரு தடவை விழச் சொல்லுங்க. இப்படி ஓட்டை விழுதான்னு பாப்போம்."

மின்விசிறிக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பெண்களைச் சண்டைப் பிரிவில் சேர்ப்பதாக அரசு அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முதல் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் எடுத்தார்கள். நேரடிச் சண்டை அனுபவம் கட்டாயம். நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த இவள் விடுப்பு போட்டுவிட்டு நேர்காணலுக்கு வந்திருந்தாள்.

"பொம்பளைங்க முன்வரிசையில தாக்குப்பிடிப்பாங்களான்னு எங்களுக்கே சந்தேகம்" என்றார் தலைவர். "முதல் தடவை பாருங்க. நிதானமாத்தான் போகணும். நாளைக்கு மத்தியானம் பட்டியல் போட்டுடுவோம். அதுக்குள்ள வேற ஆதாரம் இருந்தா கொண்டாங்க."

முதல் தடவையாம். அதையே முனகிக்கொண்டு படியிறங்கினாள்.

லாரி ஓட்டும் அப்பாவிடம் பதினாறு வயதில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவள். பத்தொன்பதில் படையின் சரக்கு வண்டிப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே அவளோடு சேர்த்துப் பெண் ஓட்டுநர்கள் ஏழு பேர். முகாமில் அவளை டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை நடக்கும் சாலையில்தான் தினமும் ஓட்டம். ஆனால் பெண்ணுக்குத் துப்பாக்கி கொடுக்க விதி இல்லை. அவர்களுடைய கமாண்டர் விவரமான ஆள். வெறுங்கையோடு அனுப்பினால் ஏழு பிணம் வரும் என்று அவருக்குத் தெரியும். லீவில் போனவன் துப்பாக்கியை எடுத்துக்கொள், அவன் பேரிலேயே கையெழுத்துப் போடு என்றார். கிடங்குப் பதிவேட்டில் ஊருக்குப் போனவனெல்லாம் தினமும் துப்பாக்கி வாங்கினான், மாலையில் திருப்பிக் கொடுத்தான்.

ஒரு நாள் பாலத்தருகே முன்னால் போன வண்டி வெடித்து எரிந்தது. பின்சக்கரத்துக்கு அடியில் படுத்து, அடிபட்டவர்களை மற்றவர்கள் இழுத்துப் போகும்வரை நாற்பது நிமிடம் எதிர்ப்பக்கத்தை அண்டவிடாமல் சுட்டாள். நூற்றுப் பதினேழு தோட்டாக்கள். தோளில் வாங்கியது கடைசி ஐந்து நிமிடத்தில். மேலிடம் பதிவேட்டைப் பார்த்தது. துப்பாக்கிக்கு உரியவனுக்குப் பதக்கம் அனுப்பியது. அவன் அன்று தன் கல்யாணத்தில் இருந்தான். திரும்பி வந்ததிலிருந்து அவனுக்கு மாப்பிள்ளை என்றே பேர் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார் கமாண்டர். அவள் காயத்தை வண்டியிலிருந்து விழுந்ததாக எழுதவைத்தார். அவளும் மாப்பிள்ளையும் வாயை மூடிக்கொண்டார்கள். கமாண்டர் இப்போது உயிரோடு இல்லை.

மாப்பிள்ளைக்கு இப்போது டயர்க் கடை. நேர்காணல் முடிந்த மாலையே அங்கே போய் நின்றாள். பாலத்துச் சண்டைக்குப் பிறகு பதினான்கு வருடத்தில் அவனிடம் அவள் எதுவும் கேட்டதில்லை.

"நீ அங்க இல்லைன்னு எழுதிக் குடு, போதும்."

டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே அவன் தலையை ஆட்டினான். "அக்கா, உனக்காக உயிரையே குடுப்பேன். ஆனா இந்தத் தெருவுல எனக்கு இருக்கிற மரியாதையே அதுதான். பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு வருசா வருசம் பேசச் சொல்றாங்க."

"என்ன பேசுவ?"

"நீ சொன்னதைத்தான்."

"தோள்ல பட்டதைக்கூடவா?"

"அதைக் கால்னு மாத்திக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு முப்பது பொண்ணுங்க வரப்போறாளுங்க. அவளுங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் போறவன் யாரு தெரியுமா? பொம்பளை தாங்குவாளான்னு கேக்கறவன். நான் தாங்கினதை உன் சுவத்துல மாட்டி வெச்சுக்கிட்டு நீ டியூப் அமுக்கற."

உள்ளிருந்து அவன் மனைவி வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். கடைச் சுவரில் பதக்கச் சான்றிதழும் கல்யாணப் போட்டோவும் அடுத்தடுத்து மாட்டியிருந்தன. ஒன்றில் சண்டை நடந்த நாள், மற்றதில் கல்யாண நாள், இரண்டும் ஒரே தேதி. காற்றடிக்க வந்த எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"ஏங்க, அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? உங்க ஆவியா?"

"நீ சும்மா இரு."

"பதினாலு வருசமா சும்மாதான இருக்கேன்? இந்தச் சுவத்தைத் துடைக்கிறவ நான். ஒவ்வொரு தடவையும் கூசுது." ஸ்டூலைப் போட்டு ஏறி இரண்டையும் கழற்றினாள். "சட்டமே மாறிடுச்சுங்கறாங்க. இன்னும் யாருக்குப் பயந்துக்கறீங்க? காலைல நீங்க போகலைன்னா நான் போறேன்."

மாப்பிள்ளை ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். "நானே வரேன்" என்றான்.

மறுநாள் பத்து மணிக்கு அவளும் மாப்பிள்ளையும் அலுவலகத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். போட்டோவையும் சான்றிதழையும் மேசையில் வைத்தான். தலைவர் படித்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசினார். பதக்கத்தைத் திருப்பி ஒப்படைக்க மாப்பிள்ளைக்கு ஒரு படிவம் வந்தது. அவளுக்கும் ஒன்று வந்தது. அனுமதியில்லாமல் ஆயுதம் கையாண்டதற்குப் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

"அப்ப நான் சுட்டேன்னு ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"விசாரணை முடியற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதும்மா. அது முடியாம உங்க விண்ணப்பத்தையும் எடுத்துக்க முடியாது."

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். மதியம் பயிற்சியாளர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதில் இருந்த மூவரும் ஆண்கள். இரண்டு மணிக்குப் பணிமனையில் வண்டி எடுத்தாள். நான்கு நடை ஓட்டினாள். இடையில் படையில் கூட ஓட்டிய மற்ற ஆறு பெண்களையும் போனில் தேடினாள். ஒருத்தியின் எண் கிடைக்கவில்லை. ஒருத்தி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நான்கு பேர், தாங்களும் லீவுக்காரன் பேரில் துப்பாக்கி எடுத்ததை எழுதித் தருவதாகச் சொன்னார்கள்.