உப்புக் கரித்த பன்கள்

திருவாரூரில் பேக்கரி பயிற்சிக்குப் போன அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிவிடும். நன்னிலத்தில் காலை பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் குறுவை நெல் வயல். ஜன்னல் வழியே ஈரக்காற்று. கல்யாணமாகி, மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு, எனக்கென்று நான் கிளம்பிப் போன இடம் அது ஒன்றுதான்.

பயமும் கூடவே வந்தது. எனக்கு வாசிக்க வராது. எழுத்தெல்லாம் தெரியும், சேர்த்து வாசித்தால்தான் முன்பின் மாறும், வரி நழுவும். பள்ளியில் மக்கு என்று பேர் வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

இரண்டாவது வாரம் பன் செய்தோம். பலகையில் உப்பு பதினைந்து கிராம் என்று எண்ணில் எழுதியிருந்தது. என் கண்ணுக்கு அது ஐம்பத்தொன்று. அப்படியே நிறுத்துக் கொட்டினேன். மாவு உப்பவே இல்லை. சுட்டு எடுத்ததை ஒருத்தி கடித்துவிட்டுத் துப்பினாள். வகுப்பே சிரித்தது.

எல்லோரும் போனதும் பயிற்சி தரும் மேடம் என்னை நிறுத்தினார். என்னைவிடச் சின்னவர்.

"அக்கா, அந்தப் பலகையைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

தட்டுத் தடுமாறி வாசித்தேன். "சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் மேடம்," என்றேன்.

"என் தம்பியும் இப்படித்தான் வாசிப்பான். டிஸ்லெக்சியான்னு சொல்வாங்க. உங்களுக்கும் அதுதானான்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா இது அறிவுக் குறைச்சல் இல்லக்கா."

மறுநாள் உப்பு டப்பாவில் சிவப்பு டேப், சர்க்கரைக்கு நீலம். பலகையில் ஒரு வரிக்கு ஒரே அளவு, பெரிசாக, பக்கத்தில் படத்தோடு. ஒவ்வொன்றையும் வாயால் சொல்லி, செய்து காட்டிவிட்டுத்தான் எங்களைத் தொடவிட்டார். வசதியாக இருக்கிறது என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

என் பக்கத்து மேஜை அக்கா முஸ்லிம் வீட்டுப் பெண்; வீட்டுக்காரர் துபாயில். பாடத்தையெல்லாம் அந்த அக்கா போனில் பேசிப் பதிவு செய்து எனக்கு அனுப்புவார். "ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணில போடும்மா. கொதிக்கிறதுல போட்டா செத்துப்போயிடும்." பின்னால் அவர் பிள்ளை அழுகிற சத்தமும் கேட்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்பேன். "யாரு இது, எந்நேரமும் மாவு மாவுன்னு?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

பரீட்சையில் எனக்குக் கேள்வியை வாசித்துக் காட்ட மேடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். வெளியிலிருந்து வந்த அதிகாரி வாசித்தார், நான் வாயால் பதில் சொன்னேன். பாஸ் என்று அங்கேயே சொல்லிவிட்டார். செய்முறையை முடித்துவிட்டு வெளியே நின்ற பக்கத்து மேஜை அக்கா மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அப்புறம் தஞ்சாவூர் போய்க் காட்டியபோது டாக்டரும் டிஸ்லெக்சியாதான் என்று உறுதியாகச் சொன்னார்.

இப்போது நன்னிலத்தில் ஒரு பேக்கரியில் வேலை. சேர்ந்த அன்றே கூட வேலை பார்ப்பவரிடம், "எனக்கு எண்ணு மாறித் தெரியும், நான் நிறுக்கும்போது ஒரு தடவை பாத்துடுங்க," என்று சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன," என்றார் அவர். இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனது.

பக்கத்து மேஜை அக்கா வீட்டுக்காரரிடம் துபாய்க்கே போய்விட்டார். திருவாரூர் போகும்போது பயிற்சி நடந்த கட்டடத்தைப் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பேன். வாசலில் வேறு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இறங்கி அவர்களோடு உள்ளே போய்விடலாமா என்று இருக்கும்.