இரண்டாயிரத்தைத் தாண்டாத முள்

என் கார் எஞ்சினைப் பற்றி யாராவது கேட்டால் போதும், அவர் அன்றைய வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஆயிரத்து ஐந்நூறு சிசி, நான்கு சிலிண்டர், டர்போ டீசல், ஆயிரத்து எழுநூற்றைம்பது சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும் என்று ஆரம்பிப்பேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது என் தொழில். வாடிக்கையாளர் தப்பித்து ஓடவும் முடியாது. அவர் கண்ணாடி என் கையில் அல்லவா இருக்கிறது!

லென்ஸை ஒரு அழுத்து கூடுதலாக அழுத்தினால் விரிசல் விட்டுவிடும். அந்தப் பயத்தைக் கையிலிருந்து காலுக்கும் இறக்கி, ஆக்ஸிலேட்டர் மேல் வைத்துக்கொண்டேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்ட நான் விட்டதே இல்லை. வண்டி ஓட்டும்போது என் கண் அந்த முள்ளில்தான் இருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். சைக்கிள்காரர்கள் என்னை முந்திப்போகும்போது திரும்பிப் பார்ப்பார்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினாலும் உடனே அணைக்க மாட்டேன். ஓடிவந்த டர்போ சூடு ஆற வேண்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பேன். நான் வந்த வேகத்துக்கு டர்போ சூடாகியிருக்கவே முடியாது என்பது வேறு விஷயம். மனைவியும் மகளும் உள்ளே போய் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் நான் படி ஏறுவேன். ஆயில் மாற்ற வேண்டிய நாளுக்கு முன்பே போய் மெக்கானிக்கின் உயிரை வாங்குவேன். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததில் ஒன்பது வருடம் வண்டி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. "கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுற டீசல் வண்டி இத்தனை நாள் அடைக்காம இருக்கே, ஆச்சரியம்தான் சார்" என்றார் மெக்கானிக் ஒருமுறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை வைத்துப் பார்த்தால் மைலேஜ் கணக்கு மட்டும் உதைக்கும். டீசலில் எதையோ கலக்கிறார்கள் என்று பங்க்காரரிடம் மல்லுக்கு நின்றேன். பாவம், அந்த மனுஷன் என்னைக் கண்டாலே ஆபீஸ் அறைக்குள் போய்விடுவார்.

மகள் பிசியோதெரபி முடித்தாள். மலைமேல் உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குறிப்பிட்ட நாளில் மதியத்துக்குள் வந்து சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றாள். "நம்ம எஞ்சின் இருக்கும்போது பஸ்ஸா?" என்றேன். விதி சிரித்திருக்கும்.

அன்றைக்கு மனைவியைப் பின்சீட்டிலும் மகளைப் பக்கத்திலும் உட்காரவைத்துக் கிளம்பினேன். பைபாஸில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. வண்டி இழுக்க மறுத்தது. ஓரங்கட்டினேன். மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

"லைட்டு விட்டு விட்டு மின்னுதா, நிலையா எரியுதா?"

"நிலையா எரியுது."

"அப்ப ஒண்ணும் ஆகலை. புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் அடைச்சிருக்கு. அது சூடானாத்தான் கரி எரியும். ஒரு கியர் குறைச்சு, முள்ளு மூவாயிரத்துல நிக்கிற மாதிரி அரை மணி நேரம் விடாம ஓட்டுங்க. இப்படியே உருட்டிட்டுப் போனீங்கன்னா மலை ஏறாது சார்."

மூவாயிரமா! கிளம்பினேன். முள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தொட்டதும் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. மறுபடி மிதித்தேன். மறுபடி தூக்கிக்கொண்டது. பெற்ற பெண்ணின் வேலை போகப்போகிறது, என் கால் எஞ்சினுக்குப் பரிதாபப்படுகிறது! எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

"அப்பா, இறங்குங்க. நான் ஓட்டறேன்" என்றாள் மகள்.

லைசென்ஸ் வைத்திருந்தாள். ஆனால் என் வண்டியைத் தொட விட்டதில்லை. வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் உறுமியது. ஒன்பது வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கண்ணைத் திறந்தபோது முள் மூவாயிரத்தில் அசையாமல் நின்றது. அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, லாரிகளுக்கு நடுவே தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

"இப்படி ஓட்ட எங்கே கத்துக்கிட்டே?"

அவள் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தாள். பின்சீட்டில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மாதான் சொல்லிக்கொடுத்தாங்க. இந்த வண்டியிலதான்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை மதியம். நீங்க சாப்பிட்டுப் படுத்தப்புறம்."

ஞாயிறு மதியம் நான் படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது. மனைவி கல்யாணத்துக்கு முன் தன் அப்பாவின் டெலிவரி வேனை ஓட்டியவள். அது எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட "நீ ஓட்டுறியா?" என்று கேட்டதில்லை. வண்டி வாங்கிய வருடத்திலிருந்தே, அம்மாவும் பக்கத்தில் பெண்ணுமாக வாராவாரம் இதே பைபாஸில் போய் எஞ்சினைச் சூடேற்றிக் கரியை எரித்துவிட்டு, நான் எழுந்திருப்பதற்குள் வண்டியை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். கடைசி வருடப் பயிற்சிக்காக மகள் வெளியூர் போன பிறகுதான் அது நின்றிருக்கிறது. நின்ற சில மாதங்களிலேயே ஃபில்டர் அடைத்துவிட்டது. என் பராமரிப்பின் லட்சணம் அவ்வளவுதான். வீணாகச் சண்டை போட்ட பங்க்காரர் முகம் வேறு கண்முன் வந்து போனது.

விளக்கு அணைந்தது. மலையில் வண்டி சிட்டாகப் பறந்தது. மதியத்துக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, விடுதி அறையைக் காட்டினாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். புறப்படும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை. அவர்களுக்குள் எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்திருந்தது.

காருக்கு வந்ததும் சாவியை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். மலை இறங்கி பைபாஸுக்கு வந்ததும் கியரைக் குறைத்து மிதித்தாள். மகளைவிட நன்றாகவே ஓட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் அழறே? நல்ல வேலைதானே கிடைச்சிருக்கு? அடிக்கடி வந்து பார்க்கலாம்."

"அதுக்கில்லைங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த ரோட்டுல அவ பக்கத்துல இல்லாம நான் ஓட்டறது இதான் முதல் தடவை."

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இழுவை, சிசி தவிர எனக்கு வேறென்ன பேசத் தெரியும்? அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காக வேகத்தைக் குறைத்தாள். முள் இரண்டாயிரத்துக்கு இறங்கியது.

"துடைச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் மிதிம்மா" என்றேன்.