வெட்ட முடியாத பெயர்

என் தம்பியின் பெயரைச் சொல்லி முடித்த பிறகும் கேட்டவர் காத்துக்கொண்டிருப்பார். வேல் என்றால் பின்னால் முருகன் வருவான் என்றோ, முன்னால் ஒரு வெற்றி விடுபட்டுவிட்டது என்றோ எண்ணுவார். இரண்டும் இல்லை. பிறப்புச் சான்றிதழிலிருந்து அவனுடைய இன்றைய அலுவலக அறைக் கதவு வரை அவன் பெயர் அந்த ஓரசைதான். அதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் பங்குண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பங்கு இன்னதென்று தெரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

நாங்கள் செல்லூரில் ஒரு குறுகிய சந்தில் குடியிருந்தோம். அப்பா விசைத்தறிகளைப் பழுது பார்ப்பவர். தம்பி பிறந்த முப்பதாம் நாள் பெயர் சூட்டுவதென்று முடிவாயிற்று. தாத்தாவை அழைத்து வர அப்பாவும் நானும் சோழவந்தானுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊருக்குப் போனோம். ஆயுள் முழுதும் பிறர் வயலில் உழைத்துக் கடைசியில் தமக்கென்று அரை ஏக்கர் வாங்கியிருந்த தாத்தா, அறுப்பு முடித்து விழாவுக்கு முதல்நாள் வருவதாகச் சொன்னார். அப்பா கூரை ஓடுகளை மாற்றிக்கொண்டிருக்க, தாத்தா எனக்குத் தம் நிலத்தைக் காட்ட அழைத்துச் சென்றார்.

வழியில் ஒரு பெரிய வீடு. அதன் வாசலில் என் வயதுப் பையன் ஒருவன் மிதிவண்டியில் சாய்ந்து நின்றான்.

“ஏ முனியா, இந்த மட்டைய எடுத்து அங்கிட்டுப் போட்டுட்டுப் போ.”

“இந்தா வாரேன்யா” என்று தாத்தா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த தென்னைமட்டையை இழுத்துப் போட்டார். தாத்தாவின் பெயர் முனியசாமி. அதை அந்தப் பையன் இத்தனை உரிமையோடு சுருக்கி அழைத்தது எனக்கு வியப்பாகவும், சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

திரும்பும் பேருந்தில் அந்தச் செய்தியை அப்பாவிடம் பெருமையோடு சொன்னேன்.

“அப்பா, ஊர்ல தாத்தாவுக்குச் செல்லப்பேரு இருக்குப்பா. சின்னப் பயகூட முனியான்னுதான் கூப்புடுறான்.”

அப்பா வைகைப் பாலம் வரும்வரை சன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குச் செல்லப்பெயர் ஏதும் இல்லாத வருத்தம் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் மாலை அவர் ஒரு குறிப்பேட்டோடு என்னருகில் உட்கார்ந்தார். அதில் அம்மா எழுதி வைத்த பெயர்களும், காளவாசலில் இருக்கும் அத்தை எண்கணிதக்காரரைக் கேட்டுச் சொன்ன பெயர்களும் இருந்தன.

“பாப்பா, நான் ஒரு பேரு சொல்லுவேன். அவன வெரசாக் கூப்புடணும். எப்புடிக் கூப்புடுவ? தமிழ்ச்செல்வன்.”

“செல்வா.”

அப்பா அந்தப் பெயரை அடித்தார்.

“ராசேந்திரன்.”

“ராசு.”

“கார்த்திகேயன்.”

“கார்த்தி. இதுகூடத் தெரியாதாப்பா?”

எந்தப் பெயரும் என்னிடம் ஒரு மூச்சுக்கு மேல் தாங்கவில்லை. நெடிய பெயர்களை எல்லாம் நான் நொடியில் வெட்டிச் சாய்க்க, ஒவ்வொன்றாக அடிபட்டது. என் திறமையைக் கண்டு நானே மகிழ்ந்தேன். பக்கம் முழுதும் கோடுகளான பிறகு அப்பா குறிப்பேட்டை மூடினார்.

“வேல்.”

வாயைத் திறந்தேன். “வேலு.”

“அது நீண்டுருச்சு. சுருக்கு.”

“வே...” என்றேன். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். “முடியலப்பா” என்று தோல்வியை ஒப்புக்கொண்டேன். ஊரிலிருந்து வந்தபின் அன்றுதான் அப்பா சிரித்தார்.

விழாவுக்கு முந்தின நாள் அத்தை வந்தாள். குழந்தையின் காதில் மும்முறை பெயரைச் சொல்லும் உரிமை அவளுடையது. அவள் அப்பாவுக்கு மூத்தவள்.

“ஏன்டா தம்பி, புள்ளைக்குப் பேரு வையின்னா தும்மல் போட்ட மாதிரி வைக்கிற? கூப்புட ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகுது. இந்தத் தறிச் சத்தத்துல எவன் காதுல விழும்?”

“விழலன்னா, கூப்புடுறவன் பக்கத்துல வந்து கூப்புடட்டும்க்கா.”

“இந்த மொட்டப் பேர என் வாயால சொல்ல மாட்டேன். வேற அத்தையப் பாத்துக்க.”

அப்பாவுக்கு வேறு அக்காள் இல்லை. அவள் சொல்லாவிட்டால் பெயர் நிற்காது. அன்று காலையே வந்து வாசலில் படுத்திருந்த தாத்தாவுக்குக் கேட்காதபடி அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நம்ம அப்பா பேரு என்னக்கா?”

“இதென்ன கேள்வி? முனியசாமி.”

“ஊர்ல அத முழுசாச் சொல்லி யாராச்சும் கூப்புட்டு நீ கேட்டிருக்கியா?”

அத்தை  அம்மாவின் பக்கம் திரும்பி, “காலைல சர்க்கரைத் தண்ணி கரைச்சு வையி. எத்தன மணிக்குச் சொல்லணும்?” என்றாள். அப்பா போட்ட புதிரில் அத்தை தோற்றுவிட்டாள் என்றே நான் கணக்கிட்டேன்.

மறுநாள் அத்தை குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்து, முதலிரு முறை காதோடு சொன்னாள். மூன்றாவதைத் தறிகளையும் மீறிச் சந்து முழுதும் கேட்கும்படி சொன்னாள். அடுத்துத் தாத்தாவின் முறை. அவர் வேட்டியில் கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“பேரு இம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்ப்பா. எவனும் இதுல வெட்ட ஒண்ணுமில்ல.”

தாத்தா அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். தோள்துண்டைச் சரிசெய்து நன்றாக விரித்துப் போட்டுக்கொண்டார். பிறகு குழந்தையிடம் குனிந்து, நிறுத்தி, அழைத்தார்.

“வேல்சாமி.”

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பெயர்களை வெட்டிக் கண்டெடுத்த பெயரல்லவா?

“தாத்தா, சாமியெல்லாம் இல்ல. வெறும் வேல்தான்.”

அப்பா என் தோளைப் பற்றினார். “விடு பாப்பா. அவரு சேத்தே கூப்புடட்டும்.” அவர் முகம் அதுவரை நான் கண்டிராத பெருமிதத்தோடு இருந்தது.

அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்த தாத்தா, என் தம்பியை வேறுவிதமாக அழைத்ததில்லை. தம் பெயரில் ஊரார் ஒருநாளும் சொல்லாமல், அவரிடமே புதிதாக இருந்துவிட்ட இரண்டெழுத்தை அவர் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நானோ, பெயரைத் தவறாகச் சொல்கிறார் என்று, அன்று மாலைவரை அவரோடு பேசவில்லை.