தங்கை வந்துவிடுவாள்

தராசுக்காரருக்கு ஐம்பத்தொரு வயதில்தான் முதன்முறையாக ஒரு சமையலறை தேவைப்பட்டது. இருபத்திரண்டு வருடம் அவர் குடியிருந்த ஆண்கள் விடுதியை இடிக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இன்னொரு விடுதிக்குப் போயிருக்கலாம். கூட இருந்தவர்கள் அப்படித்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவருக்கு மட்டும் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. பொதுக் குளியலறைக்கு வரிசையில் நின்றது போதும், சாவதற்குள் தனக்கென்று ஒரு கதவைப் பூட்டித் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். நினைப்புக்கு யாரும் வாடகை கேட்பதில்லையே.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்ப்பது அவர் தொழில். காய்கறிக் கடை, இரும்புக் கடை, நகைக் கடை எல்லாம் உண்டு. பெட்டிக்குள் வரிசையாக எடைக்கற்கள். வெறுங்கையால் தொடமாட்டார், விரல் பிசுக்கு ஏறினால் எடை மாறிவிடும் என்பார். கல்லைத் தட்டின் நடுவில் ஒரு தடவை, பிறகு நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு தடவை வைப்பார். எங்கே வைத்தாலும் ஒரே எடை காட்டினால்தான் சீட்டில் கையெழுத்துப் போடுவார். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தாலும் சரி, மாமன் மச்சான் முறை கொண்டாடினாலும் சரி, மசியமாட்டார். அப்பேர்ப்பட்ட ஆசாமிதான் வீட்டு விஷயத்தில் பொய் சொன்னார்.

சொல்ல வைத்தார்கள் என்றும் சொல்லலாம். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வியே, "எத்தனை பேரு?" என்பதுதான். "நான் ஒருத்தன்தாங்க" என்றதும் கதவைச் சாத்தமாட்டார்கள். மரியாதையாக முகத்தைச் சாத்திக்கொள்வார்கள். ஒருவர், வாடகைக்கு என்ற பலகை தன் தலைக்கு மேலேயே தொங்க, "வீடு போயிடுச்சே" என்று வருத்தப்பட்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆண் தனியாக இருந்தால் அவன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று ஊருக்கு ஒரு கணக்கு. இவர் ஒன்றும் செய்யவில்லை. கல்யாணம்கூடச் செய்யவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டதில் நாள்தான் ஓடிப்போயிற்று.

எட்டாவது வீட்டில் வீட்டுத் தரகர் பொறுமை இழந்தார்.

"சார், நீங்க நல்லவரா கெட்டவரான்னு யாரும் கேக்கல. ஃபேமிலியான்னுதான் கேக்கறாங்க. உங்களுக்குன்னு யாருமே இல்லையா?"

"ஒரு தங்கச்சி இருக்கா. வெளியூர்ல. அவளுக்கு ஒரு பொண்ணு."

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ரெண்டு பேரும் உங்களோட வந்து இருக்கப் போறாங்க. பரீட்சை முடிஞ்சதும் வருவாங்க. பேச்சை என்கிட்ட விடுங்க."

தரகர் பேசினார். இவர் தலையை ஆட்டினார். வீடு கிடைத்தது.

மாடி வீடு. வெளிப்பக்கமாகப் படி, இரண்டு படுக்கையறை, ஜன்னல் வைத்த சமையலறை. கீழே வீட்டுக்கார அம்மா, ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சத்தம் என்றால் பள்ளி வேன் வரும் சத்தம்தான். சாயங்காலமானால் கேட்டுக்குக் கேட் அம்மாக்கள் நிற்பார்கள், பிள்ளைகள் சைக்கிளில் வட்டம் போடும். இவர் பெட்டியோடு நடந்து வந்தால் பேச்சு ஒரு விநாடி நின்று பிறகு தொடரும். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. "தங்கச்சி எப்போ வராங்க?" என்று மட்டும் கேட்பார்கள்.

"வந்துடுவா" என்பார்.

முதல் மாதம் அவ்வளவோடு நின்றது. போகப் போகப் பொய்க்குக் கை கால் முளைத்தது. பரீட்சை முடிந்தது; அப்புறம் தங்கையின் வேலையில் விடுவிக்கவில்லை; அப்புறம் பொண்ணுக்குக் காய்ச்சல். பெரிய அறையை அவர்களுக்கென்று விட்டுவிட்டுச் சின்ன அறையில் பாயை விரித்துக்கொண்டார். பெரிய அறையைத் தினமும் பெருக்கினார், வாரம் ஒரு தடவை துடைத்தார். நீலப் பூப்போட்ட திரைச்சீலை வாங்கி மாட்டினார். யாரை ஏமாற்றுவதற்கு? அந்த அறையை வெளியிலிருந்து யாரும் பார்க்கவே முடியாது. மனிதருக்கு ஆசை வந்துவிட்டது, அதுதான் விஷயம்.

விடுதியில் தனிமை என்று ஒன்று இருந்தது அவருக்கே தெரியாது. பக்கத்து அறையில் யாராவது இருமுவார்கள், யாராவது சோப்புக் கட்டி கேட்பார்கள். இங்கே எதிர் வீட்டில் ஒரு அம்மா, "சாப்பிட வரியா இல்லையா?" என்று கத்துவது இவர் சமையலறைக்குள் தெளிவாகக் கேட்கும். கேட்டதும் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுச் சும்மா நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் காலையிலிருந்து தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது உறைத்தது. தொண்டை இருக்கிறதா என்று பார்க்க, "சரி" என்று சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அழுகை வந்தது.

பத்தாவது மாதம் வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார். வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"சார், மறைக்காம சொல்றேன். உங்களால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா ஃபேமிலின்னு சொல்லித்தான் வந்தீங்க. அக்கம்பக்கத்துல கேக்கறாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இந்த மாசக் கடைசிக்குள்ள உங்க தங்கச்சி வரலைன்னா வேற இடம் பாத்துக்குங்க."

"வந்துடுவாம்மா" என்றார் இவர், பழக்க தோஷத்தில்.

அன்றைக்கே தங்கைக்குப் போன் செய்து, காரணம் சொல்லாமல், ஒரு நாள் வந்துவிட்டுப் போகச் சொன்னார். வருடத்துக்கு இரண்டு தடவைதான் பேச்சு. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், பாப்பா எப்படி, படிக்கிறா. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. ஓடாததற்குக் காரணம் இருவருக்கும் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு, அவள் இரண்டு பையோடும் எட்டு வயதுப் பெண்ணோடும் விடுதி வாசலில் வந்து நின்றாள். பெண்களுக்கு அனுமதி இல்லை என்பதால் வரவேற்பறை பெஞ்சில்தான் உட்காரவைத்தார். "ஒரு வீடு பாரு அண்ணா. நான் வேலைக்குப் போறேன், சமைச்சுப் போடறேன். மூணு பேரும் இருந்துக்கலாம்" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ, வீடு பாக்கறேன்" என்று சொல்லி மாலை பஸ்ஸில் மாமியார் வீட்டுக்கே ஏற்றிவிட்டார். சொன்னபோது நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. பயம், சோம்பல், விடுதிப் பழக்கம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. நான்கு மாதம் போன் செய்து கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை வந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. தையல் தொழிற்சாலையில் நாற்பது பேருக்கு மேற்பார்வையாளர், பார்வையிலேயே அது தெரிந்தது. வந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். பெரிய அறை வாசலில் நின்றாள்.

"இங்க யாரு இருக்காங்க?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். தரகர் சொன்னது, தான் தலையாட்டியது, பத்து மாதம் சொன்னது. "ஒரு நாள் இருந்துட்டுப் போ. அந்தம்மா பாத்தா போதும்."

அவள் திரைச்சீலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தையலைப் பார்த்தாள். நேராகக் கீழே இறங்கினாள். இவர் பதறிக்கொண்டு பின்னால் போனார்.

வீட்டுக்கார அம்மா முகம் மலர, "வந்துட்டியாம்மா? சாமானெல்லாம் எங்க?" என்றார்.

"சாமான் வரலைங்க. நானும் வரப்போறதில்ல" என்றாள் தங்கை. "என் வேலை அங்க. பொண்ணு காலேஜ் அங்க. அண்ணன் பொய்தான் சொல்லியிருக்காரு. ஆனா நாங்க வர்றதா இருந்தோம், அது பொய் இல்ல. வீடு குடுக்கமாட்டாங்கன்னு பயந்துட்டாரு. தலை நிமிர்ந்து யாரையும் பாக்கற ஆளில்ல இவரு. இது என் நம்பர். உடம்புக்கு ஏதாவதுன்னாலும் கூப்பிடுங்க, தப்பா ஏதாவது பண்ணாலும் கூப்பிடுங்க. நான் பொறுப்பு."

வீட்டுக்கார அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்தார். யோசித்துவிட்டு அந்த அம்மா நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டார்.

"கூடப்பிறந்தவ வந்து நின்னு சொல்றா. இருங்க சார். இனிமே எங்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க."

வீடு தங்கிவிட்டது. பத்து மாதக் கவலை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்குக் கூட நடந்தார். தெரு முனையில் நின்றுவிட்டார்.

"நிஜமாவே வந்துடேன். அந்த ரூமை உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். பொய்க்காக இல்ல. நான் தப்புப் பண்ணிட்டேன்."

"எனக்கு இப்ப வீடு இருக்கு அண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். தொழிற்சாலையில் நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "பாப்பாவுக்கு என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. இன்னைக்குக் காலைல எங்க போறேன்னு கேட்டா. மாமாவைப் பாக்கன்னேன்." பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "'மாமா வீடு பாத்துட்டாராமா'ன்னு கேட்டா."

இவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்" என்று சொல்லிவிட்டு, சில்லறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.