தொடையில் தட்டிப் படித்த ஸ்பானிஷ்

கால் சென்டரின் ராத்திரி ஷிஃப்ட் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. செகந்திராபாத் பக்கம் தார்நாகாவில் ஊரே எழுந்து பால் வாங்கும் நேரத்தில் நான் போர்வைக்குள் நுழைவேன். லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவரை வாசலில் செருப்பு மாட்டும்போது பார்த்தால்தான் உண்டு. ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வில் தேறினால் மாட்ரிட் வாடிக்கையாளருக்கான பகல் வேலை தருவதாக மேலாளர் சொன்னார். ராத்திரி தூங்கலாமே! அதற்காக எந்த மொழியையும் படிப்பேன்.

அங்கேதான் வம்பு. அந்த மொழியில் வினைச்சொல்லை அசையசையாகப் பிரித்து, ஓர் அசையை மட்டும் அழுத்த வேண்டும். ‘நாம் பாடுகிறோம்’ என்பதற்குக் ‘கன்-தா-மோஸ்’, அழுத்தம் நடுவில். ‘ஆ-ப்லோ’வில் முன்னால் அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’, பின்னால் அழுத்தினால் ‘அவர் பேசினார்’. எனக்கோ எல்லாம் ஒரே மாதிரிதான் வந்தது. கடைசியில் சின்ன வயதுப் பாட்டு வகுப்பு கைகொடுத்தது. தாளம் போடுவதுபோல, அழுத்தம் விழும் இடத்தில் தொடையில் பளாரென்று ஓர் அடி. அடடா, நாக்கு உடனே வழிக்கு வந்தது!

செகந்திராபாத் போகும் ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு ‘கன்-தா-மோஸ்’ சொன்னேன். அடி பக்கத்து அம்மாளின் தொடையில் விழுந்தது.

“கைக்கு மார்ரே மா?” என்று அலறினாள். ஏன் அடிக்கிறாய் என்று கேட்பவளிடம் அசைப் பிரிப்பையா விளக்குவது? பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

தேர்வு கணினியில் நடந்தது. திரையில் வந்த அம்மையார் எடுத்த எடுப்பிலேயே, இரண்டு கையும் மேசைமேல் இருக்க வேண்டும், அசைக்கக் கூடாது என்றார். போச்சு! வேறு வழியின்றிக் காலால் தரையை உதைத்தேன். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் மேசை ஆடியது, மடிக்கணினி ஆடியது, அவருடைய திரையில் நானும் ஆடினேன். பாதியில் அவர் முகம் வெளுத்து, அங்கே நிலநடுக்கமா என்று கேட்டார். “இல்லை, நான் பேசுகிறேன்” என்று ஸ்பானிஷில் சொல்லி இன்னோர் உதை விட்டேன்.

தேறிவிட்டேன்!

பகல் வேலைக்கு மாறிய முதல் வாரமே, ஒரு காலையில் கணவர் தொடையைத் தேய்த்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். உருது கலக்காமல் அவருக்குத் தமிழ் வராது.

“தூக்கத்துல பாடம் ஒப்பிக்கிறே. நக்கோம்மா, வேணாம், தாங்கல. பழைய ஷிஃப்டுக்கே போயிடு.”

“அதெல்லாம் முடியாது. நடுவுல தலகாணி வெச்சுக்கோங்க.”

அன்றே வைத்தேன், பெரியதாக ஒன்று. விடிந்து பார்த்தால் தலையணை தரையில் கிடந்தது. நான்தான் தள்ளியிருப்பேன் என்று எடுக்கப் போனேன்.

“கீழயே கிடக்கட்டும். நான்தான் போட்டேன்” என்றார்.