பல்லி போகும் சந்து

என் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுக் கேலி செய்வார்கள். "என்ன இது, எல்லாப் படமும் குப்புற விழப் பாக்குது?" என்பார்கள். ஒவ்வொரு படத்தின் கீழ்விளிம்பையும் இரண்டு மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, மேல்பக்கம் முன்னால் சாயும்படி கயிற்றில் கட்டியிருக்கிறேன். காற்றுப் போக என்று சொல்லிவைப்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல இத்தனை வருஷம் நாக்கு எழவில்லை.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் புதுக்கோட்டையில் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். திருக்கோகர்ணத்தில் வாடகை அறை, ஒரு சைக்கிள், ஒரு டிராயிங் பலகை, தலை நிறையக் கனம். திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு செட்டியார் ஆள் அனுப்பினார். வீட்டின் பின்கட்டில் படங்களுக்கென்றே ஒரு கூடம் கட்ட வேண்டுமாம். தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படங்கள், கண்ணாடியில் எழுதிய படங்கள், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகள் என்று நாற்பது உருப்படிக்கு மேல் அவரிடம் இருந்தன. அறைக்கு அறை சிதறிக் கிடந்தன. சிலவற்றில் கரையான் ஏறியிருந்தது.

செட்டியார் ஒவ்வொன்றாகக் காட்டி முடித்த பிறகு, அவர் மனைவி உள்ளேயிருந்து இன்னொரு படத்தைக் கொண்டுவந்தார். எல்லோரும் அவரை ஆச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நாற்பது வயதுகூட இருக்காது. படம் பெரிதாக்கிய போட்டோ. அதன் மேல் கையால் வண்ணம் தீட்டியிருந்தது. பட்டுப் பாவாடையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண்குழந்தை.

"எங்க மக தம்பி. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. போட்டோப் புடிச்சவரு வச்சிருந்த நெகட்டிவ் கண்ணாடியும் ஒடஞ்சு போச்சாம். அவ மொகம் இனிமே இதுல மட்டுந்தான் இருக்கு. மத்ததெல்லாம் போனாலும் போகட்டும், இதப் பத்திரமா வையுங்க."

"எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல ஆச்சி, நூறு வருஷத்துக்குக் கவலைய விடுங்க" என்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நூறு வருஷத்துக்கு வாக்குக் கொடுக்க எவ்வளவு திமிர் வேண்டும்!

கூடத்தை நன்றாகத்தான் போட்டேன், அதையும் சொல்ல வேண்டும். வெயில் நேரே விழாமல் வடக்கே மட்டும் உயரத்தில் ஜன்னல். கரையான் ஏறாமல் கருங்கல் அடித்தளம். கதவுக்கு இரட்டைத் தாழ். கெடுத்தது ஒரே ஒரு யோசனை. அந்த வீட்டில் படங்களைச் சாய்த்துக் கட்டித்தான் மாட்டியிருந்தார்கள். எனக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் படங்களைச் சுவரோடு சுவராகப் பதித்திருந்ததைப் பார்த்திருந்தேன். அதே மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் அளவெடுத்துச் சுவரிலேயே மாடம் விட்டு, உள்ளே படத்தைச் செருகி, விளிம்பைச் சுற்றி அரக்கு வைத்து அடைத்துவிடுவது என்று வரைந்தேன்.

கொத்தனாருக்கு என் அப்பா வயது. முட்டையும் சுண்ணாம்பும் கலந்து கண்ணாடி மாதிரி சுவர் பூசுகிறவர். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா, செவரு இன்னும் உள்ளுக்குள்ள ஈரமா இருக்கு. ஒரு மழையும் ஒரு வெயிலும் பாத்துட்டு வைக்கலாம். அவசரம்னா, படத்துக்குப் பின்னால பல்லி போற சந்தாச்சும் விடணுங்க."

"பல்லிக்கு வீடு கட்ட என்னைக் கூப்பிடல. நீ கரண்டியப் புடி" என்றேன்.

'நீ' என்றுதான் சொன்னேன். சித்தாள்கள் சிரித்தார்கள். அவர் கரண்டியைப் பிடித்தார்.

அவசரம் இருக்கத்தான் இருந்தது. வைகாசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அதை விட்டால் ஆனியிலும் ஆடியிலும் மனை புகமாட்டார்கள். சித்திரையில் பூசிய சுவரில் வைகாசியில் படங்களைப் பதித்தேன். அன்று கூடத்தைப் பார்த்த பங்காளிகள் வாயைப் பிளந்தார்கள். செட்டியார் எனக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார். ஆச்சி மகள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அவர் வழக்கம். அதற்கு எட்டும் உயரத்தில்தான் அதை வைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கார்த்திகையில் ஆள் வந்தான், உடனே வரச் சொன்னார்கள் என்று.

குழந்தையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு படலம் படர்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல ஆச்சி, காத்தாடக் காயவச்சாச் சரியாயிடும்" என்று உளியால் அரக்கைப் பெயர்த்துப் படத்தை வெளியே எடுத்தேன். காகிதம் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. கண்ணாடியைப் பிடித்து இழுத்தேன். கன்னம், மூக்கு, ஒரு கண், எல்லாம் கண்ணாடியோடு வந்துவிட்டன. சட்டத்தில் பாவாடையும் நெற்றிச்சுட்டியும் மிச்சம் இருந்தன.

நான் மாடத்துக்குள் கைவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் கையில் சொட்டியது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"ஏன் தம்பி இப்படி ஆச்சு?" என்று கேட்டார் ஆச்சி.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் செட்டியார் திட்டியிருப்பார், ஊர் சிரித்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"வெள்ளிக்கெழம தொடைக்கிறீங்களே, துணிய நனைச்சா தொடைச்சீங்க ஆச்சி?"

"காஞ்ச சந்தனம் போகமாட்டேங்குதுன்னு பன்னீர்ல ஒரு ஓரத்த..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"அதான்" என்றேன்.

முன்பக்கம் துடைத்த நீர் உள்ளே போக வழியே கிடையாது. அரக்கு வைத்து அடைத்தவனே நான்தான். செட்டியார், ஆச்சி பக்கம் திரும்பி, "ஒன் கையாலேயே அழிச்சிட்டியேடி" என்றார். ஆச்சி தன் வலது கையை ஒரு தரம் பார்த்தார், முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

இதில் இன்னொரு கேவலம் உண்டு. மற்றப் படங்களும் நாசமாகிவிடுமே என்று, "இனி தண்ணி படாம இருக்கணும்னா எல்லாத்தையும் வெளிய எடுத்துச் சாய்ச்சுக் கட்டிருவோம்" என்றேன். அதே கொத்தனாரைக் கூப்பிட்டு மாடங்களை அடைத்துக் கட்டைகள் வைக்கச் சொன்னேன். அவர் சுவரைத் தொட்டார், என்னைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார். தஞ்சாவூர்ப் படங்கள் தப்பின. நல்லவேளை தம்பி புத்திசாலி என்று செட்டியார் நாலு பேரிடம் சொன்னாராம். அந்தப் பேச்சால் பொன்னமராவதிப் பக்கம் எனக்கு இன்னும் இரண்டு வீட்டு வேலை கிடைத்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, என் அம்மா இறந்தபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதைச் சட்டம் போட்டு மாட்டப் போன அன்றைக்குத்தான் ஆச்சி மறைத்துக்கொண்ட கை நினைவில் வந்தது. மறுநாளே பஸ் ஏறினேன். ஆச்சியின் காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

செட்டியார் காலமாகியிருந்தார். ஆச்சி மெலிந்திருந்தார். படக்கூடத்துக்குள் நான் மட்டும் போனேன். அவர் வாசற்படியோடு நின்றுவிட்டார்.

"நான் உள்ள வாரதில்ல தம்பி. எந்தப் படத்தையும் தொடுறதுமில்ல. வேலைக்காரப் பொண்ணுதான் தொடைக்கிறா. எங்கையி ஆகாத கையி."

சொல்ல வாயெடுத்தேன். "ஆச்சி, அம்மா தவறிட்டாங்க. ஒரே ஒரு படந்தான் இருக்கு" என்று மட்டும் வந்தது.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, பதறிப்போய்ச் சொன்னார்:

"ஐயய்யோ, பத்திரம் தம்பி. வீட்டுல பொம்பளைங்ககிட்டச் சொல்லிவைங்க. ஈரத்துணி மட்டும் போட்டுராதீங்க. என் கதி ஒங்களுக்கு வரக் கூடாது."

"சரிங்க ஆச்சி" என்றேன்.