கேட்டுக் கேட்டு ஓட்டும் மருதுபாண்டி

முச்சந்தியில் ஆட்டோவை ஓரம் கட்டி, மருதுபாண்டி கழுத்தைத் திருப்பிக் கேட்கிறார்: "இங்குட்டுப் போகவா, அங்குட்டுப் போகவா?" பின்னால் இருக்கும் அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஊருக்கே வழி சொல்ற ஆளு நீங்க. என்னையப் போயிக் கேக்குறீகளே."

"போறது நீங்கதானம்மா."

காரைக்குடியில் அவர் நுழையாத சந்து கிடையாது. ஆனாலும் திருப்பத்துக்குத் திருப்பம் கேள்விதான். ஸ்டாண்டில் 'கேள்வி' என்றே பட்டம் வைத்துவிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஆள் இப்படியில்லை. ஏறியவர் வாய் திறக்குமுன் வண்டி பாதித் தெரு போயிருக்கும். வீட்டிலும் அதே கதை. என்ன குழம்பு என்பதிலிருந்து மகளுக்கு எந்த மாப்பிள்ளை என்பதுவரை அவர் வைத்ததுதான் சட்டம்.

அப்போதுதான் மனைவி காளீஸ்வரிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்து, பேச்சு நின்று, ஆசுபத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகத்தான் சொன்னார்: புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், அதுவா, வழக்கமான மருந்தா, யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யும், சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். "அவங்களுக்கு எல்லாம் புரியுது. அவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க."

"அவளுக்கு என்ன சார் தெரியும்? நான் சொன்னாச் சரிதான்" என்று சேர்வதற்குக் கையெழுத்தைப் போட்டார் மருதுபாண்டி. பதற்றம் பாதி, பழக்கம் பாதி.

காளீஸ்வரி பிழைத்துவிட்டார். கைதான் இன்னும் தூக்க வரவில்லை. எந்த மருந்து உள்ளே போனது என்று இருவருக்கும் தெரியாது. அதுகூட மருதுபாண்டியை அரிக்கவில்லை. பேச்சு திரும்பிய அன்று மனைவி குழறிச் சொன்னதுதான் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருக்கிறது.

"வாய்தான் போச்சு, காது கேட்டுச்சு. என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அன்றிலிருந்துதான் இந்தக் கேள்வியெல்லாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவருக்கே தெரியும்.

நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆசுபத்திரி நர்ஸ் போனில் வந்தார். "மூணு மாசம் ஆச்சு. எப்படி இருக்காங்க? ஆய்வுல தொடர அவங்களுக்குச் சம்மதமா?"

"அதெல்லாம்..." என்று தொடங்கிய மருதுபாண்டி சட்டென்று நிறுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு, போனை மனைவியின் இடது கையில் வைத்தார்.

நர்ஸ் மறுபடி கேட்டார். காளீஸ்வரி, முப்பது வருஷப் பழக்கத்தில், பதிலுக்குக் கணவர் முகத்தைப் பார்த்தார்.

மருதுபாண்டி தோள்துண்டை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.